சயாட்டிகா வலிக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி:
மும்பை செம்பூரில் இருக்கிறேன், வயது 43. மூன்று வாரமாக இடது புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை ஷாக் அடிப்பது போல வலி. தும்மினால் உயிர் போகிறது. லோக்கல் ட்ரெயினில் ஏறக் காலைத் தூக்கும்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். டாக்டர் சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். படுத்தே இருக்கலாமா?

பதில் 1:
வேண்டாம். ஓரிரு நாள் ஓய்வு போதும், அப்புறம் பத்துப் பத்து நிமிடமாக நடங்கள். பர்ஸைப் பின்பாக்கெட்டில் வைத்து உட்காராதீர்கள்.

பதில் 2:
தம்பி, மாதுங்காவிலிருந்து எழுதுகிறேன். போன மழைக்காலத்தில் நானும் இதே பாடு பட்டேன். எனக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தியது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, பாயில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் மெல்ல உயர்த்துவேன். இடுப்பு பாயை விட்டு எழும்பக் கூடாது. பத்து முறை, தினமும் நான்கு வேளை. வலி கெண்டைக்காலை விட்டு மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி. பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். குனிந்து கால்விரலைத் தொடப் போய் இரண்டு நாள் அழுதேன், அதைச் செய்யாதீர்கள். இரவில் ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். எனக்கு முழுதாக விட இரண்டு மாதம் ஆனது.

பதில் 3:
சிறுநீர் வராமலோ கட்டுப்படாமலோ போனால், தொடையிடுக்கு மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் போனால், பயிற்சி எதுவும் வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். உங்களுக்கு சயான் மருத்துவமனை பக்கம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. அந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. இப்போதுதான் பாய் விரித்துச் செய்து பார்த்தேன், வலி முழங்காலோடு நிற்கிறது.