பெண்கள் பக்கத்தின் ஆசிரியைகளுக்கு உண்மையில் சமூகச் செல்வாக்கு இருந்ததா?

மாட்டுங்கா வாசகி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதித் தமிழ்ப் பெண்களின் வாசிப்புக் குழுவில், நாளிதழ்களின் பெண்கள் பக்கத்தைப் பற்றி அடுத்த மாதம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் அம்மா அந்தப் பக்கங்களைக் கத்தரித்து ஒட்டி வைத்த பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் சமையல் குறிப்புகளும் பின்னல் வேலைகளும் நிறைய இருந்தாலும், அம்மா அடிக்கோடிட்டு வைத்திருப்பவை வாசகியர் கடிதங்களைத்தான். குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவரோ, பெண்களை ஒரு மூலையில் உட்கார வைப்பதற்கான ஏற்பாடே அந்தப் பக்கம் என்றும், அதன் ஆசிரியைக்குச் செல்வாக்கு ஏது என்றும் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செம்பூர் நூலகர் (ஓய்வு):
மூத்த உறுப்பினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கங்கள் பரவியதற்கு, பெரிய கடைகளின் விளம்பரத்தைப் பெண்களிடம் கொண்டு சேர்க்க வேண்டியிருந்ததும் ஒரு முக்கியக் காரணம். ஆனால் அந்த இடம் நல்ல ஆசிரியை ஒருவர் கைக்கு வந்தபோது என்ன நடந்தது என்பதற்கு, இங்கிலாந்தின் 'கார்டியன்' நாளிதழைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. மேடலின் லின்ஃபோர்டு 1922இல் தொடங்கிய அதன் பெண்கள் பக்கத்தை, 1957 முதல் 1972 வரை மேரி ஸ்டாட் நடத்தினார். வாசகியர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதுவதற்கு அவர் இடம் கொடுத்தார்.

1960இல், புறநகர் வீடுகளில் அடைபட்டுக் கிடக்கும் இல்லத்தரசியரின் சலிப்பைப் பற்றி பெட்டி ஜெர்மன் என்பவர் எழுதிய கட்டுரை அப்பக்கத்தில் வெளிவந்தது. அதைப் படித்த மொரீன் நிக்கல் என்னும் வாசகி, பேச்சுத்துணை தேடும் பெண்களின் முகவரிகளைத் திரட்டி ஒரு பட்டியல் வைத்தால் என்ன என்று கடிதம் எழுதினார். அது அச்சானதும் கடிதங்கள் குவிந்தன. நாடு முழுவதும் கிளைகள் கொண்ட இல்லத்தரசியர் அமைப்பு ஒன்று அதிலிருந்து பிறந்தது. மறு ஆண்டு பெல் டுட்டேவ் என்பவர், தம் குழந்தைக்குப் பாலர் பள்ளி கிடைக்காததால் தாய்மார்களே சேர்ந்து விளையாட்டுக் குழு நடத்துவதைப் பற்றி எழுதினார். அதுவும் தேசிய அளவிலான சங்கமாக வளர்ந்தது. ஆசிரியை தலையங்கம் எழுதி இவற்றைச் சாதிக்கவில்லை. எந்தக் கடிதத்தை அச்சிட வேண்டும் என்று அறிந்திருந்தார், அவ்வளவுதான். உங்கள் அம்மா கடிதங்களை அடிக்கோடிட்டதன் காரணமும் இதுவாக இருக்கலாம்.

தானே ஆய்வு மாணவி:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இந்த ஆசிரியைகளில் பலர் பெண்கள் பக்கத்துக்கு வந்ததே செய்திப் பிரிவின் கதவு அடைக்கப்பட்டதால்தான். மேரி ஸ்டாட், பதவி ஆண்கள் வழியிலேயே தொடர வேண்டும் என்ற காரணத்துக்காக, மான்செஸ்டரின் மாலை நாளிதழ் ஒன்றில் செய்தித் துணையாசிரியர் பணியை இழந்தவர். அமெரிக்கப் பத்திரிகையாளர் டோரதி ஜர்னி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வாஷிங்டனில் நகரச் செய்தி ஆசிரியர் பொறுப்பைக் கவனித்தார். போர் முடிந்ததும் அந்த நாற்காலிக்கு வந்த ஆணுக்கு அவரே பயிற்சி கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு 'மயாமி ஹெரால்டு' பெண்கள் பக்கத்தை ஏற்று, திருமணச் செய்திகளுக்கும் விருந்துச் செய்திகளுக்கும் அப்பால் ஊர்ப் பிரச்சினைகளை அதில் கொண்டுவந்தார். டல்லஸ் நகர நாளிதழ் ஒன்றின் பெண்கள் பக்க ஆசிரியை விவியன் காசில்பெர்ரி, குடும்ப வன்முறையையும் குழந்தைகள் மீதான கொடுமையையும் பற்றிப் பிறர் பேசத் தயங்கிய நாளில் எழுதச் செய்தார்.

மூலையிலிருந்து விடுவித்தால் போதும் என்பவர்கள் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். 1969இல் 'வாஷிங்டன் போஸ்ட்' பெண்கள் பக்கத்தை நிறுத்தி வாழ்க்கைமுறைப் பகுதி ஒன்றைத் தொடங்கியது. பல நாளிதழ்கள் அதைப் பின்பற்றின. பெண்களுக்கென்று தனிப் பக்கம் வேண்டாம் என்று பெண்ணுரிமை இயக்கத்தினரும் கேட்டிருந்தார்கள். ஆனால் பக்கம் போனபோது ஆசிரியைகளின் பதவியும் போயிற்று. மார்ஜரி பாக்ஸன் ஃபுளோரிடாவில் அப்படித்தான் பதவி இறக்கப்பட்டார். 1975இல் மெக்சிகோ நகரில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டின் நாளிதழை நடத்தியவரும் அவரே என்பதை உங்கள் உரையில் விட்டுவிடாதீர்கள்.

முலுண்ட் அம்மாள்:
வெளிநாட்டுக் கதைகளோடு நின்றுவிட வேண்டாம். தமிழில் இதே பணியைப் பெரிதும் மாத இதழ்கள் செய்தன. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி'யை ஏற்றுப் பல்லாண்டு நடத்தினார். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். ஆங்கிலத்தோடு தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த, இந்திய மாதர் சங்கத்தின் 'ஸ்திரீ தர்மம்' இதழுக்கு ஆசிரியராக இருந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தேவதாசி முறை ஒழிப்புக்காகச் சட்டமன்றத்திலும் போராடியவர். நம் மும்பையில் 1947இல் 'ஈவ்ஸ் வீக்லி'யும் 1959இல் 'ஃபெமினா'வும் தொடங்கின. ஆயினும் அவை ஆங்கிலம் படித்த வீடுகளுக்கான இதழ்கள். தாராவியில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அவை எட்டவில்லை. செல்வாக்கு என்று பேசும்போது, யாரிடம் செல்வாக்கு என்று தயவுசெய்து சேர்த்தே கேளுங்கள் அம்மா.

மாட்டுங்கா வாசகி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முலுண்ட் அம்மாளின் கேள்வியிலிருந்தே உரையைத் தொடங்கப் போகிறேன். அந்நாளில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிய பெண்கள் குழுவில் யாரேனும் இருந்தால், அச்சான நறுக்கை எடுத்து வரும்படி இன்றே செய்தி அனுப்புகிறேன். அம்மாவின் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு செல்கிறேன்.