எஞ்சின் எண்களை ஒரே இடத்தில் வைப்பதா, பக்கத்துக்குப் பக்கம் எழுதுவதா?

கூடல்நகர்:
ஓப்பன்டிடிடி என்ற போக்குவரத்து விளையாட்டுக்கான நம் தமிழ் விக்கியில் கிர்பி பால் டேங்க் என்ற நீராவி எஞ்சினின் திறன் மூன்று பக்கங்களில் மூன்று விதமாக இருக்கிறது. எஞ்சின் பக்கத்தில் 300, ஒப்பீட்டுப் பட்டியலில் 304, தொடக்கநிலை வழிகாட்டியில் 224. மூன்றும் விளையாட்டே காட்டுகிற எண்கள்தான். அலகு இம்பீரியலில் இருந்தால் 300 குதிரைத்திறன், மெட்ரிக்கில் 304, எஸ்.ஐ.யில் 224 கிலோவாட். அவரவர் திரையில் தெரிந்ததை எழுதிவிட்டார்கள், அலகைக் குறிக்கவில்லை.

இதற்கு ஒரே வழி, எண்களை எல்லாம் ஒரு லுவா தரவு மாட்யூலுக்கு (மற்றப் பக்கங்கள் எண்ணை எடுத்துக்கொள்ளும், லுவா நிரல்மொழியில் எழுதிய தனிப் பக்கம்) மாற்றுவது. எஞ்சின் பக்கத்தில் தகவல்பெட்டி வார்ப்புருவும் எஞ்சின் பெயரும் மட்டும் இருக்கும். எண்ணை வார்ப்புரு எடுத்துக்கொள்ளும், மற்ற அலகுகளையும் அதுவே கணக்கிட்டுக் காட்டும். மூலத்தில் ஒரே எண்: 300. ஒரு இடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கமும் திருந்தும்.

சோழவந்தான்:
நான் இதை எதிர்க்கிறேன் அண்ணே. எண் தவறு என்று கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் கைபேசியில் இருப்பவர். பக்கத்தைத் திறந்து, பென்சிலைத் தொட்டு, 304ஐ 300 ஆக்கிச் சேமித்துவிட்டுப் போகிறார். அவரைப் போய் அடைப்புக்குறிகள் நிறைந்த மாட்யூலில் தேடச் சொன்னால் திருத்தமே வராது.

அதைவிடப் பெரிய சிக்கல் வரலாறு. எண் மாட்யூலுக்குப் போய்விட்டால் எஞ்சின் பக்கத்தின் வரலாற்றில் எண் மாறிய தடயமே இருக்காது. பழைய பதிப்பைத் திறந்தாலும் விக்கியை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள் இன்றைய மாட்யூலின் எண்ணைத்தான் காட்டும். அந்தப் பக்கத்தை மட்டும் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. யாராவது விஷமமாக 300ஐ 3000 ஆக்கினால் எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் கெடும்.

கூடல்நகர்:
ஒரே நொடியில் கெடாது தம்பி, அதுதான் அடுத்த சிக்கலே. பல பக்கங்கள் பயன்படுத்தும் மாட்யூலைத் திருத்தினால் அந்தப் பக்கங்கள் ஜாப் வரிசைக்கு, அதாவது பிறகு புதுப்பிக்க வேண்டியவற்றின் பட்டியலுக்கு, போகின்றன. இயல்புநிலையில் யாராவது பக்கம் பார்க்க வரும்போதுதான் வரிசை ஒவ்வொன்றாக நகரும். கூட்டம் குறைந்த நம் விக்கியில் பழைய எண் நாள்கணக்கில் நிற்கும். ஒரு பார்வைக்கு எத்தனை வேலை நகரும் என்ற ஜாப் ரன் ரேட்டை 0 ஆக்கிவிட்டு, வரிசையை ஓட்டும் ரன்ஜாப்ஸ் நிரலை கிரானில் (சர்வரின் நேர அட்டவணை) ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடவிட்டால் இது தீரும். அதைச் செய்யாமல் மாட்யூலுக்கு மாறக்கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

அடைப்புக்குறி பயத்துக்கும் வழி இருக்கிறது. தரவை லுவாவில் எழுதாமல் ஜேசன் (பெயரும் மதிப்பும் மட்டும் கொண்ட எளிய தரவு வடிவம்) பக்கமாக வைக்கலாம். காற்புள்ளி விட்டுப்போனால் சேமிக்கவே விடாது. படிப்பவருக்கு அட்டவணையாகத் தெரியும். தகவல்பெட்டியின் அடியில் "எண்ணைத் திருத்த" என்று ஒரு இணைப்பு போட்டால் கைபேசிக்காரர் நேராக அங்கே போய்விடுவார். வரலாற்றுக்கு, எஞ்சின் வகைக்கு ஒன்றாகப் பிரிப்போம்: நீராவி, டீசல், மின்சாரம், மோனோரயில், மேக்லெவ். எது மாறியது என்று அந்தந்தப் பக்கத்தில் தெரியும்.

திருமங்கலம்:
இரண்டு பேரும் எண்ணை எங்கே வைப்பது என்றே பேசுகிறீர்கள். எந்த எண்ணை வைப்பது என்பதுதான் முதலில் தீர வேண்டியது.

எஞ்சின் அறிமுக ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைத் தேதியோடு 0 முதல் 511 நாள் வரை தற்செயலாகக் கூட்டித்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் எஞ்சின் வெளிவருகிறது. ஒருவருக்கு ஓராண்டு முந்தி வரும், இன்னொருவருக்குப் பிந்தி வரும். இரண்டு பேரும் தங்கள் திரை சரி என்று மாற்றி மாற்றி மீளமைக்கிறார்கள். பக்கத்தில் இருக்க வேண்டியது அடிப்படைத் தேதி மட்டும். விலையும் அப்படித்தான். பணவீக்கமும் செலவு அமைப்பும் அதை மாற்றிவிடும், ஆகவே விலையைத் தகவல்பெட்டியிலிருந்தே எடுத்துவிடலாம்.

நிலைய மதிப்பீட்டுப் பக்கம் (நிலையத்துக்கு எவ்வளவு சரக்கு வரும் என்பதைத் தீர்மானிக்கும் சதவீதம்) இன்னும் மோசம். கடைசி வண்டி சரக்கெடுத்து 7.5 நாளுக்குள் இருந்தால் மதிப்பீட்டில் சேர்வது 51%, 15 நாள் வரை 37%, 30 நாள் வரை 20%, 52.5 நாள் வரை 10% என்று போட்டிருக்கிறோம் (கப்பலுக்குக் கணக்கு வேறு). விளையாட்டின் 14ஆம் பதிப்பில் கடிகார நேரக் கணக்கு வந்த பிறகு, அந்த முறையில் ஆடுபவருக்கு இது வினாடிக் கணக்கில் தெரிகிறது. அவர் 7.5ஐ அழித்து 15 என்று எழுதுகிறார், நாள் முறையில் ஆடுபவர் திரும்ப மாற்றுகிறார். இருவர் சொல்வதும் உண்மை. விளையாட்டின் ஒரு நாள் என்பது 74 டிக் (விளையாட்டு நேரத்தின் மிகச் சிறிய அலகு), ஒரு டிக் 27 மில்லிவினாடி, ஆக ஒரு நாள் கிட்டத்தட்ட 2 வினாடி. தரவில் 555 டிக் என்று வைத்தால் 7.5 நாளும் 15 வினாடியும் அதிலிருந்தே வரும். இந்த மாதிரி இடத்துக்கு மாட்யூல் கட்டாயம் வேண்டும்.

பகுப்புப் பக்கங்களில் தலைப்புகள் வரும் வரிசையையும் யாராவது பாருங்கள். "தடம்" முன்னால், "தட்டு வேகன்" பின்னால் வருகிறது, அகராதி வரிசைக்கு நேர் எதிர். யூனிகோடில் புள்ளிக்குறி உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் வருகிற கோளாறு. வரிசைமுறை அமைப்பை யூசிஏ-டிஏ (தமிழ் அகர வரிசை) ஆக்கி, பழைய தலைப்புகளை மறுபடி வரிசைப்படுத்தும் அப்டேட்கொலேஷன் நிரலை ஒரு தடவை ஓட்டினால் போதும். சர்வரில் பிஎச்பி நிரல்மொழியின் இன்ட்ல் நீட்சி (மொழிவாரி வரிசைக்கானது) இருக்க வேண்டும்.

சோழவந்தான்:
டிக் கணக்கு சரி, அதை ஏற்கிறேன். ஆனால் 51% ஏன் முக்கியம், ஒரே நிலையத்தில் இரண்டு வண்டியை மாறி மாறி "முழுதும் ஏற்று" (சரக்கு நிரம்பும்வரை காத்திரு) கட்டளையில் நிறுத்தினால் மதிப்பீடு ஏன் இறங்குவதில்லை என்பதெல்லாம் உரைநடையில்தான் இருக்க வேண்டும். மாட்யூலுக்கு மாறிய விக்கிகளில் நடப்பது இதுதான்: பெட்டி பளபளப்பாக இருக்கும், அதன் கீழே இரண்டு வரிகூட இருக்காது. எண் தானாக வருவதால் பக்கம் முடிந்துவிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். விளக்கம் இல்லாத பக்கத்துக்குக் "குறுங்கட்டுரை" (இன்னும் விரிவாக்க வேண்டும் என்று காட்டும்) வார்ப்புரு கட்டாயம் என்று விதி வைத்தால்தான் என் ஆதரவு.

ஆண்டிபட்டி:
மதுரை–போடி வரைபடப் பக்கத்தை விட்டுவிட்டீர்களே. 2010 இறுதியில் நின்ற மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாகி 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் வண்டி வந்த கதை மட்டும் அதில் நீளமாக இருக்கிறது. வரைபடத்தை ஓடவைக்கத் தேவையானது ஒன்றும் இல்லை. மூல விளையாட்டில் 1000 மி.மீ., 1676 மி.மீ. என்ற பேதமே கிடையாது, தண்டவாள வகைகளைத் தரும் நியூஜிஆர்எஃப் (விளையாட்டோடு சேர்க்கும் கூடுதல் கோப்பு) போட்டால்தான் வரும். அதன் பெயரை மட்டும் எழுதினால் பயனில்லை. எட்டு இலக்க ஜிஆர்எஃப் ஐடி, பதிப்பு எண், எம்டி5 (கோப்பின் சரிபார்ப்புக் குறியீடு) மூன்றும் வேண்டும். ஐடி ஒன்றாக இருந்து எம்டி5 மாறினால் பலர் ஆடும் சர்வரில் சேரவே முடியாது. இதை எந்தத் தரவுப் பக்கத்தில் வைப்பீர்கள்?

கூடல்நகர்:
அது வரைபடப் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒரு வரைபடத்துக்கு மட்டும் உரிய தகவலைப் பொதுத் தரவுக்குக் கொண்டுபோக வேண்டாம். சோழவந்தான் தம்பி சொன்ன குறுங்கட்டுரை விதி எனக்குச் சம்மதம். கிரான் அமைத்ததும் நீராவி எஞ்சின்களை மட்டும் முதலில் மாற்றுகிறேன். பழைய எண்களை அழிக்குமுன் ஒவ்வொரு பேச்சுப் பக்கத்திலும் படியெடுத்து வைத்துவிடுகிறேன்.

சோழவந்தான்:
நீராவி மாறட்டும். "எண்ணைத் திருத்த" இணைப்பு கைபேசிக் காட்சியில் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் டீசலுக்குப் போக வேண்டும், அதுவரை டீசல் பக்கங்களில் யார் கைவைத்தாலும் மீளமைப்பேன்.