விருப்பப் பாடமாக ஜப்பானிய மொழி எடுக்கலாமா?

வணக்கம். அடுத்த செமஸ்டருக்கு விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்க இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. ஜப்பானிய மொழியா, புள்ளியியலா என்று மண்டை குடைகிறது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு.

ஆசைக்குக் காரணம் அனிமேதான், மறைக்கவில்லை. ஆனால் கொஞ்சம் எட்டிப் பார்த்தபோது மொழியே பிடித்துப்போனது. 'வதாஷி வா மிசு ஓ நோமிமசு' என்றால் 'நான் தண்ணீரைக் குடிக்கிறேன்'. அப்படியே நம் வரிசை! வினை கடைசியில் வருகிறது. நம் 'ஐ' உருபு போல 'ஓ' பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ஆங்கிலம் படிக்கும்போது வந்த தலைகீழ்க் குழப்பம் இதில் இல்லை.

ஒலிகளை எழுதும் ஹிரகானா, கதகானா என்ற இரண்டு எழுத்து வகைகளிலும் அடிப்படை எழுத்துகள் தலா 46. 247 எழுத்து படித்த நமக்கு அது பயமில்லை. பயமெல்லாம் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள்தான். அன்றாடப் பயன்பாட்டுக்கான அரசுப் பட்டியலிலேயே 2136 இருக்கின்றன, பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உச்சரிப்பு வேறு.

படித்தவர்கள் சொல்லுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது? இரண்டு செமஸ்டரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யின் முதல் படியான என்5 எழுத முடியுமா? அந்தத் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது என்பதால், வகுப்பில் பேசப் பழக்குவார்களா என்பதும் எனக்கு முக்கியம். அப்புறம், இதனால் மொத்த மதிப்பெண் சரிந்தவர்கள் இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

'வேலை கிடைக்குமா' என்பது இரண்டாம் பட்சம். பாதியில் விட்டுவிடுவேனோ என்பதுதான் பயம்.