ஐசி பேஸ்: ரவுண்டு பின்னா, சாதாவா?

அல்சூர் அன்பு: "ஐசி சிப்பை சால்டர் பண்ணாமல் செருகி வைக்கும் ஐசி பேஸ் எல்லாம் ஒன்றுதான், பெங்களூரு எஸ்பி ரோட்டில் மலிவாகக் கிடைப்பதை வாங்கிப் போடுங்கள்" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எரிச்சல் தாங்கவில்லை. சாதா பேஸில் ஐசியின் ஒவ்வொரு காலையும் பிடிக்க இரண்டு தகட்டு நாக்குதான். ரவுண்டு பின்னில் கடைந்தெடுத்த குழலுக்குள் நான்கு விரல்கள் காலைச் சுற்றிப் பிடிக்கும். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

மல்லேஸ்வரம் மணி: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். உங்கள் ரவுண்டு பின்னுக்குள் தங்க முலாம், ஐசி காலில் வெள்ளீயம். இரண்டும் உரசினால் ஆக்சைடு படிந்து தொடுப்பு விட்டுவிட்டு வரும்.

அல்சூர் அன்பு: மேசைமேல் கிடக்கும் போர்டில் எங்கே சார் உரசல்?

மல்லேஸ்வரம் மணி: சூடாகி ஆறும்போதும் உலோகம் நகரும். தங்கமும் வெள்ளீயமும். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பீன்யா செல்வி: அளவைப் பற்றி யாருமே பேசவில்லையே? ஏடிமெகா 328 மைக்ரோகன்ட்ரோலருக்கு 28 கால் பேஸ் கேட்டேன். கடையில் கொடுத்தது இரு கால் வரிசைக்கும் இடையே 15.24 மி.மீ. அகலம், பழைய 27சி256 ஈப்ராம் நினைவக ஐசிக்கு உரியது. எனக்கு வேண்டியது 7.62. புதிதாக வாங்குகிறவர்களுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

அல்சூர் அன்பு: அது வேறு விஷயம் மேடம். மணி சார், போன மாதம் ரிப்பேருக்கு ஒரு ஆடியோ போர்டு வந்தது. சாதா பேஸ். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஏழாவது காலின் நாக்கு தொய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஐசியைப் பென்சில் முனையால் தொட்டாலே சத்தம் நின்றுவிடும். அடிக்கடி கழற்றி மாட்டியதன் விளைவு.

மல்லேஸ்வரம் மணி: கழற்றி மாட்டத்தான் ஜிஃப் சாக்கெட் இருக்கிறது. அதன் நெம்புகோலைத் தூக்கினால் ஐசி கையோடு வரும். அப்புறம், ரவுண்டு பின் பேஸில் 0.64 மி.மீ. சதுர ஹெடர் பின்னைத் திணித்து விரல்களை விரித்துக் கெடுத்தது யார்? அது என் போர்டு. நான் மறக்கவில்லை.

அல்சூர் அன்பு: அதற்குக் கூலி வாங்கினேனா? வேறு பேஸ் என் காசில் போட்டுக் கொடுத்தேன்!

ராஜாஜிநகர் ரவி: 555 டைமர் ஐசிக்கெல்லாம் பேஸ் எதற்கு? நேராக சால்டர் பண்ணுங்கள்.

மல்லேஸ்வரம் மணி: ரவி, குறுக்கே வராதீர்கள். அன்பு, போட்டுக் கொடுத்ததும் தங்க முலாம்தானே? வெள்ளீயக் காலுக்கு வெள்ளீய பேஸ். நாளைக்கும் இதையேதான் கேட்பேன்.

அல்சூர் அன்பு: கேளுங்கள். நான் ரவுண்டு பின்தான் போடுவேன்.