மாலை மையத் தன்னார்வலர் பயிற்சி: ஆய்வு முடிவுகளை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: இல்லம் தேடிக் கல்வி மாதிரியான மாலை மையங்களின் தன்னார்வலர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தும் எதுவும் மாறவில்லை. ஆய்வு முடிவுகளைப் பயிற்சியில் எப்படிக் கொண்டுவருவது?

பதில் 1: ஸ்லைடு ஓட்டாதீர்கள், தூங்கிவிடுவார்கள். ஒரே ஒரு முடிவை எடுங்கள். வகுப்பு பார்க்காமல் வாசிப்பு நிலை பார்த்துக் குழு பிரித்தால் பலன் உண்டு என்று பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் திட்டங்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. நிலை பார்க்க எழுத்து, சொல், பத்தி, கதை என 4 அட்டை போதும். அதைப் பிள்ளைகளைத் தனித்தனியாகப் படிக்க வைத்துப் பார்க்கணும். தன்னார்வலர்கள் இதைப் பயிற்சியிலேயே நிஜப் பிள்ளைகளோடு செய்யட்டும். 2 வாரத்தில் மையத்துக்குப் போய்ப் பாருங்கள்.

பதில் 2: மையத்தைப் பார்க்கப் போகும்போது மதிப்பெண் தாள் வேண்டாம். அதைப் பார்த்ததும் நன்றாகப் படிக்கும் பிள்ளையை முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். பிரித்த குழுவும் வருஷம் முழுக்க அப்படியே கிடக்கும். மாதம் ஒருமுறை சோதித்து மாற்றுங்கள்.

கேட்டவர்: கணக்குக்கு?

பதில் 1: அதே முறைதான். எண் அறிதல், கழித்தல், வகுத்தல். கடன் வாங்கிக் கழிப்பதில்தான் பலரும் நிற்பார்கள், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக்கட்டு கொடுங்கள்.