ஸ்விஃப்ட் மிஸ்ஸிங், எஸ்டிமேட் 21,400: எதை நானே கழற்றலாம், எதைத் தொடவே கூடாது?

ஏற்காட்டு ரோடு:

வணக்கம். 2014 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல், 86,000 கிலோமீட்டர், நான் இரண்டாவது ஓனர். வீடு சேலம், வேலை விஷயமாக அடிக்கடி ஏற்காடு ஏறி இறங்கவேண்டும். கொஞ்ச நாளாக மேட்டில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது (மிஸ்ஸிங் என்கிறார்களே, அதுதான்), ஐடிலில் நடுங்குகிறது. செக் இன்ஜின் விளக்கு சில சமயம் சும்மா எரிகிறது, ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் மினுக்குகிறது.

ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு நேரான பதில் வரவில்லை, எஸ்டிமேட் மட்டும் உடனே வந்துவிட்டது. ப்ளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயில் நான்கும் சேர்த்து 7,600, ஸ்பார்க் ப்ளக் 1,000, த்ராட்டில் பாடி கிளீனிங் 1,200, இன்ஜெக்டர் கிளீனிங் 1,500, ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் 900, முன் பிரேக் பேட் 2,600, பிரேக் ஆயில் 700, பேட்டரி 4,600, ஏசி கேஸ் 1,300. மொத்தம் 21,400 ரூபாய்.

காயிலில் கோளாறு என்றால் பேட்டரியை ஏன் மாற்றவேண்டும் என்று கேட்டேன், "பழசாயிடுச்சு சார்" என்றார்கள். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்பாவின் ஸ்பேனர் செட் வீட்டில் இருக்கிறது, மல்டிமீட்டர் இருக்கிறது. அனுபவம் என்று பார்த்தால் ஸ்டெப்னி மாற்றியிருக்கிறேன், ஏர் ஃபில்டரைத் தட்டிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். இந்த லிஸ்டில் எதை நானே செய்யலாம், எதை விட்டுவிடவேண்டும்?

ஞாயிறு டிரைவர்:

ப்ரோ, பேசாமல் எல்லாவற்றையும் கொடுத்து முடித்துவிடுங்கள். ஒரு டூல் வாங்க, அது சைஸ் பத்தாமல் இன்னொன்று வாங்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கரி பூசிக்கொண்டு கடைசியில் கழற்றிய வண்டியைக் கட்டி இழுத்துப் போகிற கதைதான் நடக்கும். நம் நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

தம்பி, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், மினுக்கினால் அப்படி விடக்கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போய், புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதையே உருக்கிவிடும். அது போனால் உங்கள் 21,400 எல்லாம் சில்லறைக் காசு. சரியாகும்வரை ஏற்காட்டுக்குப் பஸ்ஸில் போங்கள்.

எதை யார் செய்வது என்பதற்கு வருகிறேன். பட்டறையில்தான் எனக்குப் பிழைப்பு, அதனால் எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள் என்று சொல்லப்போவதில்லை, எல்லாவற்றையும் எங்களிடம் கொடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். பொதுவாக வேலை கஷ்டமா சுலபமா என்றுதான் பார்க்கிறார்கள். அது சரியான கணக்கு இல்லை. ஹெட்லைட் பல்பு மாற்றுவது சில வண்டிகளில் கையைக் கிழித்துவிடும், பிரேக் பேட் மாற்றுவது அதைவிடச் சுலபம். நான் பார்ப்பது இதுதான்: நீங்கள் செய்தது தப்பாகப் போனால் வண்டி நின்றுபோகுமா, நிற்காமல் போகுமா? நின்றுபோனால் யாரையாவது கூப்பிட்டுக்கொள்ளலாம். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அங்கே நிற்காமல் போனால் யாரைக் கூப்பிடுவது?

அப்படிப் பார்த்தால் காயில், ப்ளக், இரண்டு ஃபில்டர், பேட்டரி எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடும். பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் தெரிந்த மெக்கானிக்குக்கு. ஏசி கேஸ் யாருக்கும் வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன்னால் என்ன கோளாறு என்று தெரிந்தாகவேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஓபிடி போர்ட் இருக்கும். அதில் சொருகுகிற ப்ளூடூத் ஸ்கேனர் ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது, போனில் ஒரு ஆப் போட்டால் வண்டி பதிந்துவைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடை, படிக்கலாம். பி0301 வந்தால் ஒன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங், பி0302 வந்தால் இரண்டாவது, இப்படி பி0304 வரை. பி0300 என்றால் ஒரு சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறி அடிக்கிறது. கோடு என்ன என்று சொல்லுங்கள், மேலே பேசுவோம்.

டீசல் முத்து:

குறுக்கே புகுந்ததற்கு மன்னிக்கவும். என்னுடையது அதே ஸ்விஃப்ட், டீசல். இன்ஜெக்டர் பக்கம் லேசாகக் கசிவு தெரிகிறது, யூனியன் நட்டை நானே ஒரு இறுக்கு இறுக்கிப் பார்க்கலாமா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

தொடாதீர்கள். காமன் ரெயில் டீசலில் இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாய்க்குள் 1,600 பார் வரை அழுத்தம் இருக்கும். ஊசி முனை அளவு கசிவு கூடத் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும், அப்புறம் ஆபரேஷன்தான். எங்கே கசிகிறது என்று விரலை வைத்துத் தடவிப் பார்க்கிற வேலையும் வேண்டாம். பம்பு வேலை செய்கிற டீசல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

ஏற்காட்டு ரோடு:

ஸ்கேனர் வந்துவிட்டது அண்ணா. பி0302, வேறு எதுவும் இல்லை. இப்போது நான்கு காயிலையும் மாற்றவேண்டுமா, ஒன்று போதுமா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

இன்னும் ஒன்றையும் வாங்காதீர்கள். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங் என்றுதான் கோடு சொல்கிறது, காயில் போய்விட்டது என்று சொல்லவில்லை. காயிலாக இருக்கலாம், ப்ளக்காக இருக்கலாம், பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டராக இருக்கலாம், கம்ப்ரஷன் குறைவாகக் கூட இருக்கலாம். பைசா செலவில்லாமல் கண்டுபிடிக்கிற வழி, இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போடுவது.

இன்ஜின் நன்றாக ஆறட்டும், காலையில் செய்வது உத்தமம். சாவியை எடுத்துவிடுங்கள். பெல்ட் ஓடுகிற பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணவேண்டும். ஒவ்வொரு காயிலுக்கும் ஒரே ஒரு போல்ட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும் (என் பேருக்குக் காரணம் அதுதான்). கவனிக்கவேண்டியது கனெக்டர். பத்து வருஷம் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், லாக்கை அழுத்திக்கொண்டு கனெக்டரின் உடம்பைப் பிடித்து இழுக்கவேண்டும், ஒயரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். காயிலை லேசாக இடமும் வலமும் திருகி நேராக மேலே தூக்குங்கள். கீழே இருக்கும் ரப்பரில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ தடம் தெரிந்தால், கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது என்று அர்த்தம். ப்ளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், இருந்தால் வால்வு கவர் கேஸ்கெட்டும் போயிருக்கிறது.

மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். இந்தத் தடவை பி0303 வந்தால் குற்றவாளி காயில்தான். மறுபடியும் பி0302 என்றே வந்தால் ப்ளக்கை அதேபோல மாற்றிப் பார்க்கலாம்.

ஏற்காட்டு ரோடு:

பி0303 வந்தது!! ரப்பரில் நீங்கள் சொன்ன வெள்ளைத் தடமும் இருக்கிறது. குழிக்குள் ஆயில் இல்லை.

ஞாயிறு டிரைவர்:

சரி, நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு காயில் போனால் மற்றதும் வரிசையாகப் போகும், நான்கையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதுதான் நிம்மதி என்பார்களே?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

போகலாம், போகாமலும் இருக்கலாம். பெங்களூர் வரைக்கும் டாக்சி ஓட்டுகிறவர் என்றால் நானே நான்கையும் மாற்றச் சொல்லியிருப்பேன். இவருக்கு எப்படி மாற்றுவது என்று கை பழகிவிட்டது. ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, மனசு கேட்கவில்லை என்றால் இன்னொன்று புதிதாக வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ளட்டும். பாக்ஸில் இருக்கும் பார்ட் நம்பரைப் பழைய காயிலோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள், இதில் டூப்ளிகேட் நிறைய வருகிறது. சென்னைப் பக்கம் போனாலும் ஜிபி ரோட்டில் புதிதாக வாங்குங்கள், இந்தச் சாமானைப் புதுப்பேட்டையில் பழசாக வாங்கவேண்டாம்.

ப்ளக் நான்கையும் மாற்றிவிடுங்கள், விலை கம்மி. ஹெட் அலுமினியம், அதனால் சூட்டில் கழற்றக்கூடாது. புது ப்ளக்கை முதலில் கையாலேயே சுற்றி இறக்குங்கள், கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் வெளியே எடுத்துவிட்டு மறுபடியும் வையுங்கள். ஸ்பேனர் போட்டு அழுத்தி ஏற்றினால் மரை போய்விடும், அப்புறம் அது வீட்டு வேலை இல்லை. எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இரவல் கிடைத்தால் மேனுவலில் இருக்கும் அளவுக்கு இறுக்குங்கள்.

த்ராட்டிலையும் இன்ஜெக்டரையும் இப்போதைக்கு விடுங்கள், காயில் மாற்றியபின் ஐடில் சரியாகிவிட்டால் அதற்கெல்லாம் வேலையே இல்லை. ஒருவேளை நீங்களே த்ராட்டிலைத் துடைக்கப் போனால், உள்ளே இருக்கும் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், எலக்ட்ரானிக் த்ராட்டிலில் கியர் பல் போய்விடும்.

ஹேர்பின்:

ஏற்காட்டுக்காரரே, பிரேக் பேடையும் நீங்களே மாற்றலாம். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரில் இரண்டு போல்ட்டுதான், ஒன்றைக் கழற்றித் தூக்கினால் பேட் கையில் வந்துவிடும். வீடியோ ஆயிரம் இருக்கிறது. என் வண்டிக்கு நான்தான் மாற்றுகிறேன், எதற்கு லேபர் கொடுக்கவேண்டும்?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

நீங்கள் செய்வது தப்பு என்று சொல்லமாட்டேன், தெரிந்து செய்கிறீர்கள். ஆனால் பேடை மாட்டுவதோடு அந்த வேலை முடியவில்லை. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் நிரம்பி வழியும், வழிந்தால் பெயிண்ட் உரியும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. காலிப்பர் நகர்கிற ஸ்லைடு பின் இறுகியிருந்தால் அதைக் கழற்றித் துடைத்து அதற்கான கிரீஸ் போடவேண்டும், இல்லையென்றால் புதுப் பேடும் ஒரு பக்கமாகவே தேயும். எல்லாம் முடிந்து பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்காமல் வண்டியை எடுத்தால், முதல் மிதியில் பெடல் தரைக்குப் போய்விடும். இதெல்லாம் முதல் தடவை செய்கிறவர், அதுவும் மலை ரோட்டுக்காரர், துணைக்கு ஆள் இல்லாமல் செய்யவேண்டியது இல்லை.

இன்னொன்று, பேட் தேய்ந்திருக்கிறதா என்பதையே இன்னும் நாம் பார்க்கவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றினால் கண்ணால் பார்க்கலாம். இரும்புத் தகட்டை விட்டுவிட்டு மேலே இருக்கும் சரக்கு மட்டும் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றுகிற நேரம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள், கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கப்போட்டு வையுங்கள்.

ஏற்காட்டு ரோடு:

கழற்றிப் பார்த்தேன். வெளிப்பக்கப் பேட் நன்றாகவே இருக்கிறது, 5 இருக்கும். உள்பக்கத்தில் தகட்டோடு ஒட்டி ஒரு மெல்லிசுப் பட்டைதான் மிச்சம். இடது வலது இரண்டு பக்கமும் அப்படியேதான். அப்போது அந்த எஸ்டிமேட்டில் இது ஒன்று உண்மை. பிரேக் ஆயிலும் அப்படித்தானா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் நான் சொன்ன ஸ்லைடு பின் கதைதான். வெறும் பேட் மாற்றினால் போதாது, பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் போடச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிரேக் ஆயில் உங்களுக்குக் கட்டாயம். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்கிற ரகம் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140 வரைக்கும் இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஏற்காட்டிலிருந்து பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றவேண்டும். இரண்டாவது ஓனர் நீங்கள், முன்னவர் மாற்றினாரா என்று யாருக்குத் தெரியும்? மூடியில் எந்த டாட் போட்டிருக்கிறதோ அதுவே ஊற்றட்டும், நான்கு சக்கரத்திலும் பிரேக் குழாயில் இருக்கும் ஏரை எடுக்கட்டும். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள்.

பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா?

ஏற்காட்டு ரோடு:

காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் 12.5 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.6 வரை இறங்கியது. ஓடும்போது 14.1.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் நன்றாக இருக்கின்றன, 4,600 உங்கள் பையிலேயே இருக்கட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் அப்போது யோசிக்கலாம். டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் துடையுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

ஏசி கூலிங் எப்படி இருக்கிறது?

ஏற்காட்டு ரோடு:

கூலிங்கில் குறையே இல்லை.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

அப்புறம் எதற்குக் கேஸ்? பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு இல்லை அது. குறைந்திருந்தால் எங்கோ லீக், அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் மேலே மேலே அடிப்பது காசுக்குப் பிடித்த கேடு. நாளைக்குக் கூலிங் குறைந்தாலும் முதலில் ஏசி ஃபில்டரைப் பாருங்கள், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஏசி கடைக்குத்தான், வாக்குவம் போட்டு எடை பார்த்து கேஸ் ஏற்றுகிற மெஷின் வீட்டில் இருக்காது.

ஏற்காட்டு ரோடு:

காயில் ஒன்று, ப்ளக் நான்கு, ஃபில்டர் இரண்டு மாற்றிவிட்டேன் அண்ணா. விளக்கு அணைந்துவிட்டது, நடுக்கம் இல்லை. பிரேக்கை வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். இடது பக்கம் ஒரு பின் அசையவே இல்லை, தட்டித்தான் எடுத்தார். எடுத்த ஆயில் டீத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. நேற்று ஏற்காடு போய் இறங்கி வந்தேன், பெடல் கடைசிவரை கெட்டியாக இருந்தது. பழைய காயிலை எதற்கும் இருக்கட்டும் என்று டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

அதைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடுங்கள் தம்பி. இன்னும் ஒரு வருஷம் கழித்து வழியில் எங்கேயாவது வண்டி மிஸ்ஸிங் அடிக்கும்போது, ஸ்பேர் இருக்கிறதே என்று அதையே எடுத்து மாட்டுவீர்கள்.