டேங்க் கிளீனர் மீன் ஓர் அடியைத் தாண்டிவிட்டது, ஏரியில் விடலாமா?

சத்துவாச்சாரிக்காரன்:
ஜன்னலோரம் மூன்றடி மீன் தொட்டி. கண்ணாடியில் பாசி படிகிறது என்றதும் கடைக்காரர் விரல் நீளத்தில் ஒரு டேங்க் கிளீனரைக் கொடுத்தார். "இனிமே கழுவவே வேண்டாம் சார்" என்றார். இப்போது ஓர் அடிக்கு மேல் இருக்கிறது, பாசிப் பக்கமே போவதில்லை. ராத்திரி லைட்டை அணைத்தால் கோல்டு ஃபிஷ் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றுக்கு விலாவில் செதில் போய் வெளுத்துவிட்டது. பாலாற்றில் தண்ணீர் இல்லை. ஏரியில் விட்டால் புண்ணியம் என்கிறார் அப்பா.

காட்பாடி தொட்டி:
ஏரியில் மட்டும் வேண்டாம் சார். முதுகுத் துடுப்பை விரிக்கும்போது கதிர்களை, அதாவது துடுப்பைத் தாங்கும் குச்சிகளை, எண்ணுங்கள். 10 அல்லது அதற்கு மேல் என்றால் டெரிகோப்ளிக்திஸ். தென் அமெரிக்க ஆற்று மீன், ஒன்றரை அடி வரை போகும். குட்டியில் பாசியை நன்றாகச் சுரண்டும். வளர்ந்தபின் கீழே விழும் பெல்லட் தீனி போதும் அதற்கு. கோல்டு ஃபிஷ் உடம்பில் இருக்கும் வழவழப்பும் அதற்குத் தீனிதான். மற்ற மீன்களின் கழிவைத் தின்னும் என்பதெல்லாம் கடைக் கதை. தொட்டியில் அதிகம் கழிப்பதே இந்த ஆள்தான்!

காவேரிப்பாக்கம் மாப்பிள்ளை:
தம்பி, என் மாமனார் ஏரி மீன் குத்தகை எடுப்பவர். இது வலையில் சிக்கினால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் பேச முடியாது. உடம்பெல்லாம் எலும்புத் தகடு. பக்கத் துடுப்பு முள்ளை விறைத்துக்கொண்டால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். காலையில் கரையில் வீசியது மதியமும் வாயை அசைத்துக்கொண்டு கிடக்கும். காற்றை விழுங்கி வயிற்றால் மூச்சு விடுகிற ஜென்மம். ஆண் மீன் முட்டைக்காகக் கரையைக் குடைந்து வளை தோண்டும். நம்ம ஏரிக்கரை மண் கரை, யோசித்துப் பாருங்கள். கொல்கத்தா ஈரநிலங்களிலும் கேரளாவிலும் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. விலைக்கும் போகாது. இதில் என்ன புண்ணியம்?

சத்துவாச்சாரிக்காரன்:
அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன் அண்ணா. "மண் கரை" என்றதும் சரி என்றுவிட்டார். அப்புறம் இதை எப்படிப் பிடிப்பது? பாசிக்கு என்ன வழி?

காட்பாடி தொட்டி:
கை வலை போடாதீர்கள், முள் மாட்டிக்கொள்ளும். பெரிய பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்து உள்ளே ஓட்டுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடலாம், சில கடைகள் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

பாசிக்குக் காரணம் அந்த ஜன்னல் வெயில்தான். திரை போடுங்கள், லைட்டை 7 மணி நேரத்தோடு அணையுங்கள். கண்ணாடிக்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும். மீன்தான் வேண்டுமென்றால் பிரிஸில்நோஸ் கேளுங்கள். ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும்; ஆணுக்கு மூக்கு மேல் மீசை கிளைத்திருக்கும். அது சுரண்டித் தின்ன ஒரு மரக்கட்டை போடுங்கள். நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தில் ஏர் பம்பை மட்டும் நிறுத்தவே கூடாது, தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறைந்துவிடும்.